டார் வழியாக அரட்டை: எங்கள் செயலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நான், பொள்ளாச்சியில் ஒரு நண்பர், ஆந்திராவின் குப்பம் ஊரில் இன்னொருவர். மூன்று பேரும் சேர்ந்து ஒரு சின்ன அரட்டைச் செயலியைப் பராமரித்து வருகிறோம். எக்ஸ்எம்பிபி என்ற பழைய நெறிமுறையில் ஓடுவது. யார் வேண்டுமானாலும் சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ளலாம், கோட் முழுவதும் திறந்தே கிடக்கிறது. இதில் டார் வசதியைச் சேர்க்க ஆரம்பித்தபோது இரண்டு வார வேலை என்று நினைத்தோம். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் பயன்படுத்துபவர்களும், தங்கள் மென்பொருளிலும் இதைச் சேர்க்க நினைக்கும் மற்ற புரோகிராமர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறோம்.

டார் என்பது என்ன?

நீங்கள் ஒரு சர்வரோடு பேசும்போது அதற்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் எண், தெரியும். நடுவில் இருக்கும் இணைய நிறுவனத்துக்கு நீங்கள் எந்த சர்வரோடு பேசுகிறீர்கள் என்பது தெரியும். டார் இந்த இரண்டு பேருக்கும் முழுப்படம் கிடைக்காமல் செய்கிறது. உங்கள் தகவலை மூன்று உறைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மூன்று ரிலேக்கள் (தகவலைக் கைமாற்றிவிடும் கணினிகள்) வழியாக அனுப்புகிறது. முதல் ரிலேவுக்கு உங்களைத் தெரியும், நீங்கள் போகும் இடம் தெரியாது. கடைசி ரிலேவுக்குப் போகும் இடம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது.

இந்த யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வலையமைப்பு 2002இல் ஓட ஆரம்பித்தது. 2006இலிருந்து அதை ஒரு லாப நோக்கற்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான ரிலேக்கள்தான் அதன் உடம்பு.

எங்கள் ஊரில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. எல்லைப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ராத்திரியில் ஆற்றுமணல் ஏற்றும் லாரியைப் படம் எடுத்தவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை. புருஷன் போனை எடுத்துப் பார்ப்பான் என்று பயந்து அக்காவோடு பேசும் பெண் இருக்கிறாள். எஸ்டேட்டில் கூலி பாக்கியைப் பற்றிப் புகார் சொல்ல நினைத்து, சொன்னால் லைன் வீடு போய்விடும் என்று வாயை மூடிக்கொள்பவர் இருக்கிறார். இவர்களில் யாரும் டார் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் இருக்கும் செயலி ஒழுங்காக வேலை செய்தால் போதும். அதனால்தான் இதைச் செயலிக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனையே கையில் வாங்கிப் பார்ப்பவனிடமிருந்து டார் காப்பாற்றாது. அதற்குத் திரைப்பூட்டும், செய்திகளைத் தானாக அழிக்கும் வசதியும் வேண்டும். அது தனி வேலை.

செட்டிங்ஸில் ப்ராக்ஸி பெட்டி முன்பே இருந்ததே. அதில் 127.0.0.1, போர்ட் 9050 என்று போட்டால் போதாதா?

போதாது. நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

ப்ராக்ஸி என்பது உங்கள் இணைப்பைத் தன் வழியாக வெளியே அனுப்பும் இடைத்தரகர். டார் உங்கள் கணினியில் ஓடும்போது, அந்த முகவரியில் (127.0.0.1 என்றால் உங்கள் கணினியே) சாக்ஸ் என்ற ப்ராக்ஸி நெறிமுறையில் மற்ற செயலிகளுக்காகக் காத்திருக்கும். சாக்ஸின் ஐந்தாம் பதிப்பு 1996இல் வந்தது. அதில் போக வேண்டிய இடத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம்: சர்வரின் பெயரைச் சொல்லலாம், அல்லது பெயருக்கான ஐபி முகவரியை நீங்களே கண்டுபிடித்து அதைச் சொல்லலாம். பல லைப்ரரிகள் (செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் கோட்) இரண்டாவதைச் செய்கின்றன. அதாவது, டாருக்குள் நுழைவதற்கு முன்பே டிஎன்எஸ் சர்வரிடம் போய், "இந்தப் பெயருக்கு முகவரி என்ன?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுகின்றன. அப்புறம்தான் மூன்று உறைகளும். உறைக்குள் போட்ட கடிதத்தை யாருக்கு அனுப்புகிறோம் என்று தெருவில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு அனுப்புவது போல.

இணையத்திலிருந்து தரவிறக்கும் கர்ல் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒரே ஓர் எழுத்து. சாக்ஸ்5 என்று எழுதினால் பெயரை உங்கள் கணினி தேடும். சாக்ஸ்5எச் என்று எழுதினால் பெயர் அப்படியே டாருக்குப் போகும். அந்த ஒரு 'எச்' இல்லாமல் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் கோடில் அதைச் சரி செய்தோம். சரி, முடிந்தது என்று நம்பினோம். ஒரு சாயங்காலம் மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறையில் லேப்டாப்பில் வெளியே போகும் தகவல்களைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டு, போர்ட் 53ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழி அது. செயலி டார் வழியாக ஓடும்போது அந்தத் திரையில் எதுவும் வரக்கூடாது. செய்தி அனுப்பினேன், திரை அமைதியாக இருந்தது. படம் அனுப்பினேன், அமைதி. பொள்ளாச்சி நண்பர் தேங்காய் விலை பற்றிய ஒரு செய்தியின் லிங்க்கை அனுப்பினார். அவ்வளவுதான், இரண்டு வரிகள் ஓடின. அந்தப் பத்திரிகைத் தளத்தின் பெயர் அப்படியே இருந்தது. நான் அந்த லிங்க்கைத் தொடக்கூட இல்லை.

நடந்தது இதுதான்: லிங்க் வந்தால் அதன் தலைப்பையும் சின்னப் படத்தையும் முன்கூட்டியே காட்ட ஒரு லைப்ரரியைச் சேர்த்திருந்தோம். அந்த லைப்ரரி தனக்கென்று ஓர் எச்டிடிபி கிளையன்டை வைத்திருந்தது. எங்கள் ப்ராக்ஸி அமைப்பு அதன் காதில் விழவே இல்லை. டிஎன்எஸ் மட்டுமல்ல, முழு இணைப்பும் வெளியே நேராகப் போயிருந்தது. இதன் அபாயத்தை யோசித்துப் பாருங்கள். உங்களைக் கண்டுபிடிக்க நினைப்பவர் தன்னுடைய சர்வருக்கு ஒரு லிங்க் செய்து உங்களுக்கு அனுப்பினால் போதும். நீங்கள் திறக்காமலேயே உங்கள் ஐபி அவர் கையில்.

ப்ராக்ஸி பெட்டி என்பது செயலியின் ஒரு வாசலில் போட்ட பூட்டு. ஒரு செயலிக்கு எத்தனை வாசல் என்று அதை எழுதியவர்களுக்கே தெரிவதில்லை. எங்களுடையதில் எண்ணிப் பார்த்தால் ஏழு: முதன்மை இணைப்பு, கோப்பு ஏற்றம், லிங்க் முன்காட்சி, முகப்படம், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்ற சோதனை, செயலி நொறுங்கினால் அனுப்பும் அறிக்கை, அழைப்பு. அழைப்பைத் தவிர மற்ற ஆறையும் ஒரே இடத்தின் வழியாகப் போகும்படி மாற்றி எழுதினோம். ஒன்றரை வருடத்தில் பாதி இதற்கே போனது.

எக்ஸ்எம்பிபிக்கு மட்டும் தனியாக ஏதாவது சிக்கல் உண்டா?

உண்டு. எக்ஸ்எம்பிபி கிளையன்ட் வழக்கமாக டிஎன்எஸ்ஸில் எஸ்ஆர்வி என்ற வகைப் பதிவைக் கேட்டு, "இந்த டொமைனுக்கான அரட்டை சர்வர் எங்கே, எந்தப் போர்ட்டில்?" என்று தெரிந்துகொள்ளும். டாரின் சாக்ஸ் வழியில் பெயருக்கு முகவரி கேட்கலாம், எஸ்ஆர்வி கேட்க வழியில்லை. அதனால் டார் நிலையில் நாங்கள் எஸ்ஆர்வியைக் கேட்பதே இல்லை. டொமைன் பெயரிலேயே போர்ட் 5222க்கு முயற்சி செய்கிறோம். உங்கள் சர்வர் வேறு இடத்தில் இருந்தால் அதைக் கையால் எழுதித் தர வேண்டும். தொந்தரவுதான். டிஎன்எஸ் கேள்வியையே எச்டிடிபிஎஸ் மூலம் டாருக்குள் அனுப்பலாம் என்று ஒருவர் பேட்ச் (கோடில் செய்த மாற்றம்) கொடுத்தார். நல்ல யோசனை. ஆனால் எல்லாருடைய கேள்வியும் ஒரே டிஎன்எஸ் நிறுவனத்துக்குப் போகும் என்பதால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

டார் கிடைக்காதபோது செயலி நேராக இணைந்துகொண்டால் என்ன? செய்தி போய்ச் சேருவதுதானே முக்கியம்?

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். இந்தத் தவறை எங்கள் செயலியில் எழுதி வைத்தது நான்.

எங்கள் செயலிக்கு டார் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன் இணைப்புக்கான கோடை எழுதும்போது, ப்ராக்ஸி மூன்று தடவை பதில் சொல்லாவிட்டால் நேராக இணைந்துகொள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அலுவலகத்தில் ப்ராக்ஸி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அதை எடுக்க மறந்துபோகிறவர்களுக்காக. அப்போது எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் போனால் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் போன் கேரள டவரை விட்டுத் தமிழ்நாட்டு டவருக்குத் தாவும். அந்த இடத்தில் டேட்டா கொஞ்ச நேரம் அறுந்து மீண்டும் வரும். இங்கே இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம், பேச்சு பாதியில் நின்றால் "செக்போஸ்ட் வந்துடுச்சா" என்று கேட்பார்கள். டேட்டா திரும்பியதும் டார் புதிதாகத் தன் வழிகளை அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நொடிகள் ஆகும், சிக்னல் மோசமாக இருந்தால் நிமிடமே ஆகலாம். எங்கள் செயலி அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. மூன்று தடவை தட்டிப் பார்த்தது, பதில் இல்லை, நேராகப் போய்விட்டது.

நண்பர் ஒரு வாரம் அந்த பஸ்ஸில் போய்வந்தார், நான் வீட்டில் சோதனைக்காக வைத்த சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன். வரிசையாக வெளிநாட்டு டார் ரிலேக்களின் முகவரிகள். நடுவில் ஒரே ஒரு வரியில் அவருடைய மொபைல் நிறுவனத்தின் ஐபி. நேரம் காலை 8:40. பஸ் செக்போஸ்ட்டைத் தாண்டும் நேரம். நூறு தடவை மறைத்துவிட்டு ஒரு தடவை காட்டிக்கொடுத்தால், அந்த ஒரு வரி போதும். முந்தைய நூறும் யாருடையவை என்று கணக்கின் பெயரை வைத்து சேர்த்துக்கொள்வார்கள்.

டார் வசதியே இல்லாத செயலியில் ஒருவர் ஜாக்கிரதையாகப் பேசுவார். டார் இருக்கிறது என்று நம்பும் செயலியில் மனம் விட்டுப் பேசுவார். அதனால் ஓட்டையுள்ள டார் வசதியை விட, வசதியே இல்லாமல் இருப்பது அவருக்கு நல்லது. அந்த வரியை அழித்த பின்பு எங்கள் விதி இதுதான்: டார் நிலையில் டார் இல்லையென்றால் செய்தி போகாது. வரிசையில் காத்திருக்கும்.

டார்சாக்ஸ் என்ற கருவியோடு எந்தச் செயலியையும் ஓட்டலாமாமே?

லினக்ஸில் ஓரளவுக்கு. அது செயலிக்கும் சிஸ்டம் லைப்ரரிக்கும் நடுவில் புகுந்து இணைப்புகளைத் திருப்புகிறது. சிஸ்டம் லைப்ரரியைத் தொடாமல் நேராகக் கெர்னலோடு பேசும் செயலிகளிடம் இது செல்லாது. கோ மொழியில் எழுதியவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை. சொந்த சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு இதைச் சொல்லித் தராதீர்கள்.

வாய்ஸ் கால், வீடியோ கால்?

டார் நிலையில் இல்லை. டார் டிசிபி என்ற வகை இணைப்புகளை மட்டுமே சுமக்கிறது, அழைப்புகள் யுடிபி என்ற வேறு வகையில் ஓடுகின்றன. அதோடு இரண்டு போன்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள ஒன்றுக்கொன்று தங்கள் ஐபியைச் சொல்லிக்கொள்கின்றன. பட்டனையே எடுத்துவிட்டோம். கோப்புகளைப் பகிரும் பிட்டொரன்ட்டிலும் இதே வகைச் சிக்கல்தான். அதை டார் மேல் ஓட்டாதீர்கள் என்று டார் குழுவே 2010இல் எழுதியது.

ஆனியன் முகவரி ஏன் இவ்வளவு நீளம்? அதைச் சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

சர்வரும் தன் இருப்பிடத்தை மறைக்க நினைத்தால் டாட் ஆனியன் என்று முடியும் முகவரியை வைத்துக்கொள்ளலாம். பழைய இரண்டாம் பதிப்பில் 16 எழுத்துகள். இப்போதைய மூன்றாம் பதிப்பில் 56. அந்த 56 எழுத்துக்குள் சர்வரின் பொதுச் சாவியே முழுதாக இருக்கிறது, அதனால் முகவரியைக் கண்டாலே சர்வர் உண்மையானதா என்று சோதித்துவிடலாம். 2021இல் பழைய பதிப்பை டார் முழுவதுமாக நிறுத்திவிட்டது.

நீளம் மாறினால் என்ன என்று தோன்றும். பிட்காயின் மென்பொருளைப் பாருங்கள். அதில் கணினிகள் ஒன்றுக்கொன்று முகவரிகளைச் சொல்லும் செய்தியில், முகவரிக்கு என்று 16 பைட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். பழைய ஆனியன் முகவரி 10 பைட், ஒரு முன்னொட்டைச் சேர்த்து ஐபிவி6 முகவரி மாதிரி வேஷம் போட்டு உள்ளே நுழைத்துவிட்டார்கள். புதியதற்கு 32 பைட் வேண்டும். எந்த வேஷத்திலும் நுழையாது. கடைசியில் பிஐபி155 என்ற பெயரில் செய்தியின் அமைப்பையே புதிதாக வரைய வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் 0.21 பதிப்பில்தான் அது பயனர்கள் கைக்கு வந்தது. எங்கள் கதை சின்னது. டேட்டாபேஸில் சர்வர் பெயருக்கு 40 எழுத்து என்று அளவு வைத்திருந்தோம். மீதி எழுத்துகள் சத்தமில்லாமல் வெட்டப்பட்டன, சர்வர் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னது. கண்டுபிடிக்க மூன்று நாள்.

இன்னொன்று. ஆனியன் பெயரை சாதாரண டிஎன்எஸ்ஸில் ஒருபோதும் தேடக்கூடாது. தேடினால் நீங்கள் எந்த ரகசிய சர்வருக்குப் போகிறீர்கள் என்று இணைய நிறுவனத்திடம் நீங்களே சொன்னதாகிவிடும். 2015இல் வந்த ஆர்எஃப்சி 7686 என்ற இணையத் தர ஆவணம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. டெபியன் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவும் ஏபிடி இந்த விஷயத்தில் நல்ல உதாரணம்: டார் அமைப்பு இல்லாமல் ஆனியன் முகவரியைக் கொடுத்தால் நேரடி இணைப்புக்கு அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். டார் வசதியே சேர்க்காத செயலிகூட இந்த ஒரு மறுப்பை மட்டும் சேர்க்கலாம். பத்து வரி கோட் போதும்.

ஒரே போனில் எனக்கு இரண்டு கணக்குகள். டார் வழியாகப் போனால் இரண்டும் ஒரே ஆளுடையவை என்று தெரியாதுதானே?

நாங்கள் கவனிக்காவிட்டால் தெரிந்துவிடும். இரண்டு கணக்கும் ஒரே வழியில் போய் ஒரே கடைசி ரிலேயிலிருந்து வெளியே வந்தால் சேர்த்துப் பார்ப்பது சுலபம். டாரிடம் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது: சாக்ஸில் வேறு வேறு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் தனித்தனி வழி தரும். அந்தப் பெயர்களை அது சரிபார்ப்பதில்லை, பிரித்து வைக்க மட்டும் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் நாங்கள் ஒரு தற்செயல் பெயரை உருவாக்கிக் கொடுக்கிறோம்.

வழிகளைப் பிரித்த பிறகும், டவர் போனால் இரண்டு கணக்கும் ஒரே நொடியில் துண்டிக்கப்பட்டு ஒரே நொடியில் திரும்பி வருகின்றன. அதனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நேரம் காத்திருந்து இணையும்படி செய்திருக்கிறோம். இரண்டும் ஒரே சர்வரில் இருந்தால் இதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. உயிருக்கு ஆபத்தான வேலை என்றால் இரண்டாவது கணக்கை வேறு போனில் வையுங்கள்.

ஐபி மறைந்துவிட்டால் நான் மறைந்துவிட்டேன் என்று அர்த்தமா?

இல்லை. தமிழர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும்.

எக்ஸ்எம்பிபியில் எதிர்முனை, "உன் கடிகாரம் என்ன சொல்கிறது?" என்று கேட்டால் கிளையன்ட் மரியாதையாகப் பதில் சொல்லும், நேர மண்டலத்தையும் சேர்த்து. +0530 என்று வந்தால் இந்தியா அல்லது இலங்கை. எந்தப் பதிப்பு, எந்த ஓஎஸ் என்று கேட்டாலும் பதில் வரும். அப்புறம் மொழி. இணைப்பைத் திறக்கும்போதே எங்கள் செயலி தன் இடைமுக மொழியைச் சொல்லிக்கொண்டிருந்தது: 'டிஏ'. தமிழ். உலகம் முழுவதும் டாரில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களோடு கலந்து நிற்பதுதான் டார் தரும் பாதுகாப்பு. அந்தக் கூட்டத்தில் தமிழ் என்று கையைத் தூக்கினால் மிச்சம் எத்தனை பேர்? +0530ஐயும் சேர்த்தால்? அந்த சர்வரில் அது ஒரே ஓர் ஆளாகக்கூட இருக்கலாம்.

தமிழைக் கைவிடச் சொல்லி இதை எழுதவில்லை. இடைமுகம் தமிழில்தான் இருக்கும், அது போனுக்குள்ளேயே இருக்கும் விஷயம். வெளியே போகும் இணைப்பில் எல்லோருக்கும் ஒரே மொழிக் குறியீடு, நேரம் கேட்டால் உலகப் பொது நேரம், பதிப்பைக் கேட்டால் பதில் இல்லை.

புரோகிராமர்களுக்கும் இதே எச்சரிக்கை. புனைபெயரில், டார் வழியாக, ஒரு திட்டத்துக்கு பேட்ச் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் நேர மண்டலத்தை எழுதி வைக்கிறது. வேறு வழியில் மறைத்த ஊரை அந்த நான்கு இலக்கங்கள் சொல்லிவிடும். கமிட் செய்யும்போது நேர மண்டலத்தை யுடிசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக இணைகிறது?

ஆனியன் சர்வருக்குப் போகும்போது உங்கள் பக்கம் மூன்று, அவர்கள் பக்கம் மூன்று என்று ஆறு ரிலேக்களைத் தாண்ட வேண்டும். 10 நொடியில் கைவிடும் எங்கள் பழைய டைம்அவுட் எல்லாவற்றையும் 90 ஆக்கிவிட்டோம். போனின் கடிகாரம் தவறாக இருந்தாலும் டார் இணையாது, அதையும் பாருங்கள்.

டாரையே செயலிக்குள் வைத்துக் கொடுக்கலாமே? போனில் டாரை ஓட்டும் ஆர்பாட் செயலியைத் தனியாக நிறுவச் சொல்வது ஏன்?

எங்களுக்குள்ளேயே அதிகம் வாதம் நடந்த கேள்வி. குப்பத்து நண்பர் உள்ளே வைக்க வேண்டும் என்கிறார். இரண்டு செயலிகளை நிறுவச் சொன்னால் பாதிப் பேர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், அவர் சொல்வது உண்மை. நான் வேண்டாம் என்கிறேன். உள்ளே வைத்தால் டாரில் ஒரு பாதுகாப்புக் குறை வரும் ஒவ்வொரு தடவையும் அன்றைக்கே நாங்கள் புதிய பதிப்பு வெளியிட வேண்டும். மூன்று பேரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். என் வீட்டில் கல்யாணம் நடக்கும் வாரத்தில் குறை வந்தால் யார் பார்ப்பது? ஆர்பாட்டைப் பார்த்துக்கொள்ள அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

டாரை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதும் ஆர்ட்டியின் 1.0 பதிப்பு 2022இல் வந்தது. மற்ற மென்பொருள்களுக்குள் லைப்ரரியாகச் சேரும்படி ஆரம்பத்திலிருந்தே யோசித்துக் கட்டியது. சோதனைக் கிளையில் அதைச் சேர்த்துப் பார்க்கிறோம். நண்பர் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்.

டார் தவிர வேறு வலையமைப்பு? ஐ2பி?

ஐ2பி 2003இலிருந்து இருக்கிறது. வெளி இணையத்துக்குப் போவதை விடத் தனக்குள்ளேயே இருக்கும் சேவைகளுக்குத்தான் அது அதிகம் பொருந்தும். பிட்காயின் மென்பொருள் 2021இல் 22.0 பதிப்பில் இதைச் சேர்த்தது. எங்களுக்கு இப்போது கை இல்லை. யாராவது பொறுப்பெடுத்துப் பராமரித்தால் பேட்ச்சை வரவேற்கிறோம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதாக இருந்தால் வேண்டாம்.

ஓட்டை இல்லை என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்?

மூன்று வழிகள். டாரின் அமைப்புக் கோப்பில் சேஃப்சாக்ஸ் என்பதை 1 ஆக்கினால், பெயருக்குப் பதில் ஐபியைக் கொண்டுவரும் எந்த இணைப்பையும் அது மறுத்துவிடும். டிஎன்எஸ் கசியும் செயலியைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. இரண்டாவது, லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்கி, டாரின் போர்ட்டைத் தவிர வேறு எங்கும் போக முடியாத கூண்டுக்குள் செயலியை ஓட்டுகிறோம். வெளியே போக நினைத்த ஒவ்வொரு பாக்கெட்டும் பதிவாகும். மூன்றாவது, டார் குழுவின் சட்னி என்ற கருவி. கணினிக்குள்ளேயே ஒரு குட்டி டார் வலையமைப்பை உருவாக்கிக்கொடுக்கும். தானியங்கி டெஸ்ட்டுகளுக்கு உண்மையான ரிலேக்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

இவ்வளவும் ஒரு தடவை செய்து முடிக்கும் வேலையாக இருந்தால் பரவாயில்லை. போன மழைக்காலத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஸ்டிக்கர் வசதி எழுதி அனுப்பினார். அழகான கோட். ஸ்டிக்கர் படங்களைத் தரவிறக்க அவர் பயன்படுத்திய ஒரு வரி, எங்கள் பொது வழியைத் தாண்டி நேராகப் போனது. கூண்டு டெஸ்ட் பிடித்துவிட்டது. அவருக்கு டார் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் இப்போது பொது வழியைத் தவிர வேறெங்கும் இணைப்பைத் திறக்கும் கோட் இருந்தால் பில்ட்டே ஆகாது. பேட்ச் நிராகரிக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம், ஏன் என்று அங்கேயே தமிழில் எழுதியிருக்கும்.

இந்தியாவில் இது சட்டப்படி சரியா?

டார் பயன்படுத்துவதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதே சமயம் நிலைமை இலகுவாகவும் இல்லை. 2022 ஏப்ரலில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2023 மே மாதம் 14 செயலிகள் தடை செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது. அவற்றில் டார் வழியாக ஓடும் பிரையரும், எலிமென்ட்டும் இருந்தன, இரண்டுமே கட்டற்ற மென்பொருள்கள். அந்தத் தடையை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள். எங்களைப் போல் ராத்திரியில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவர்கள். நாங்கள் வழக்கறிஞர்கள் இல்லை. உங்கள் நிலைமைக்கு ஆலோசனை வேண்டுமானால் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கெட்டவர்களும் பயன்படுத்துவார்களே?

பயன்படுத்துவார்கள். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் டார் வழியாக வருகிறார்கள், சர்வர் நடத்துகிறவர்கள் வெறுத்துப்போய் எல்லாக் கடைசி ரிலேக்களையும் மொத்தமாகத் தடுத்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் சர்வர் நடத்துகிறேன். ஆனால் ஐபியை வைத்துத் தண்டிப்பது இன்னொரு கதவையும் திறந்துவிடுகிறது. பிட்காயினில் தவறாக நடக்கும் முகவரிகளைத் தடை செய்யும் வழக்கம் இருந்தது. யாரோ ஒருவர் டார் வழியாக வேண்டுமென்றே தவறாக நடந்து, எல்லாக் கடைசி ரிலேக்களையும் தடை செய்ய வைத்து, டார் பயனர்கள் எல்லோரையும் தான் நடத்தும் கணினிகளின் பக்கம் தள்ளிவிட முடியும் என்று 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கள் சர்வரில் டார் வழியாகப் புதுக் கணக்குத் திறக்க ஏற்கெனவே இருக்கும் ஒருவர் அழைப்பு தர வேண்டும். கணக்கு இருந்தால் எந்த வழியாகவும் உள்ளே வரலாம். ஸ்பாம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

நான் புரோகிராமர் இல்லை. எப்படி உதவலாம்?

வாசகங்களைப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். இது சின்ன வேலை மாதிரி தெரியும். டார் இணையாதபோது எங்கள் செயலி முதலில், "ப்ராக்ஸி இணைப்பு தோல்வி. நேரடி இணைப்பைப் பயன்படுத்தவா?" என்று கேட்டது. கீழே 'சரி' என்று ஒரு பட்டன். வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் போனைக் கொடுத்துப் பார்த்தோம். படிக்காமலேயே 'சரி'யை அழுத்தினார். "என்னக்கா அழுத்தினீங்க?" என்று கேட்டால், "சரின்னுதானே போட்டிருக்கு" என்றார். அவர் செய்தது சரிதான், நாங்கள்தான் தவறாகக் கேட்டிருந்தோம். அந்தக் கேள்வியையும் பட்டனையும் அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

குப்பத்தில் வேறு விதம். வீட்டில் தமிழ் பேசுகிற பல பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கில் படித்தவர்கள். தமிழ் புரியும், தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார்கள். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இளைஞர்கள் சிலருக்கு மலையாளம்தான் வேகமாகப் படிக்க வரும். அதனால் எச்சரிக்கை வாசகத்துக்கு மட்டும் தனி மொழித் தேர்வு வைத்திருக்கிறோம். தமிழில் இப்போது இப்படி இருக்கிறது: "டார் இன்னும் தயாராகவில்லை. உங்கள் செய்தி இந்த போனிலேயே இருக்கிறது, எங்கும் போகவில்லை. தயாரானதும் தானாகப் போகும்." தெலுங்கு வாசகத்தைக் குப்பத்து நண்பரின் அம்மா திருத்திக் கொடுத்தார். மலையாளத்துக்கு இன்னும் ஆள் தேடுகிறோம்.